வார்டில் கேட்ட ‘ரன்’கள்

பள்ளிக்கூடத்தில் நாம் படித்த ‘ரன்’ ஒன்றே ஒன்றுதான்: ஓடு. அப்புறம் கிரிக்கெட் வந்து இன்னொன்றைச் சேர்த்தது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நர்சிங் முடித்து, மருத்துவத் துறையினருக்கான ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வு பாஸ் செய்து, விமானம் ஏறி இங்கிலாந்துக்கு வந்தால், ஷிஃப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைக்கும் காலை ஹேண்ட்ஓவர் தொடங்கி ஷிஃப்ட் முடியும்வரை அந்தச் சொல் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. நான் வேலை பார்ப்பது கட்டிலை விட்டு எழுந்திருக்கவே சிரமப்படும் முதியவர்கள் நிறைந்த வார்டு. அங்கே ஓடுகிறவர் யாரும் இல்லை. ஆனாலும் ‘ரன்’ இல்லாமல் ஒரு மணி நேரம் கழியாது.

எனக்கு நாகர்கோவில் பக்கம். ஊரில் சில வருடம், சென்னையில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது இங்கிலாந்தின் வடக்கே ஒரு பொது மருத்துவ வார்டில் இருக்கிறேன். தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் புதிதாக வரும் பிள்ளைகளை முதல் சில வாரம் என்னோடுதான் போடுவார்கள். மருந்து, ஊசி, டிரெஸ்ஸிங் எதிலும் அவர்கள் யாருக்கும் இளைத்தவர்கள் கிடையாது. பேச்சு வரும்போதுதான் மலைத்து நிற்கிறார்கள். நீளமான மருத்துவச் சொற்கள் நமக்குத் தண்ணீர் பட்ட பாடு. கெட், டேக், புட், செட், ரன் மாதிரி மூன்றெழுத்து, நான்கெழுத்துச் சொற்கள்தான் ஆளைத் திணறடிக்கின்றன.

இதில் நம் பிள்ளைகள் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற சொல்லுக்குத்தான் இருந்தது. பிறகு அகராதியைத் திருத்தி எழுதும் வேலையில் ‘ரன்’ அதைத் தாண்டிவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள் என்று 2011 இல் செய்தி வந்தது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாசிரியர் அந்த ஒரு சொல்லோடு மட்டும் ஒன்பது மாதம் உட்கார்ந்திருந்தார். சொல்லையே தொழிலாகக் கொண்டவருக்கு அவ்வளவு காலம் பிடித்திருக்கிறது என்றால், நாம் ஒரு வாரத்தில் பிடித்துவிட முடியாது. 645 ஐயும் பிடிக்க வேண்டியதும் இல்லை. வார்டுக்குத் தேவையானது ஒரு முப்பதுக்குள் அடங்கும் என்பது என் கணிப்பு. அந்த முப்பதில் சில, தெரியாவிட்டால் நோயாளிக்கே ஆபத்தாக முடியக்கூடியவை. அதனால் அவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் ‘த ரன்ஸ்’. முன்னால் ‘த’ போட்டு, பன்மையில் சொன்னால் அது வயிற்றுப்போக்கு. டயேரியா என்ற சொல் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இங்குள்ள வயதானவர்கள் அதை வாயால் சொல்லக் கூச்சப்படுவார்கள். எண்பது வயதுப் பாட்டி குரலைத் தாழ்த்தி, “செவ்வாய்க்கிழமையிலிருந்து எனக்கு ரன்ஸ்” என்பார். கேட்கும் பிள்ளை தலையாட்டிவிட்டு நகர்ந்துவிட்டால் விஷயம் அந்தப் பாட்டியோடு நிற்காது. அது நோரோ வைரஸாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டவராக இருந்தால் சி.டிஃப் என்கிற கிருமியாகவும் இருக்கலாம். இரண்டுமே கட்டிலுக்குக் கட்டில் தாவக்கூடியவை. அவரைத் தனி அறைக்கு மாற்ற வேண்டும், மலத்தைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், கையை சோப்பும் தண்ணீரும் போட்டுத்தான் கழுவ வேண்டும். வெறும் ஆல்கஹால் ஜெல் இந்த இரண்டுக்கும் போதாது. நர்ஸுக்கே அப்படி வந்தால், கடைசியாகப் போய் 48 மணி நேரம் ஆகும்வரை வேலைக்கு வரக் கூடாது. ஒரு சொல்லைப் பிடிக்கத் தவறினால் இவ்வளவும் தள்ளிப்போகும்.

அதனால் நான் சொல்லிக்கொடுப்பது, ‘ரன்ஸ்’ என்று காதில் விழுந்த உடனே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, எத்தனை முறை, எப்போதிலிருந்து, தண்ணீராகவா, ரத்தம் உண்டா என்று கேட்டுவிடு. ஊரில் நாம் சொல்லும் ‘லூஸ் மோஷன்’ இங்கே சிலருக்குப் புரியும், பலருக்குப் புரியாது. இங்கே வழக்கமான கேள்வி, ‘ஹேவ் யு ஓப்பன்ட் யுவர் பவல்ஸ்’ என்பதுதான், அதாவது மலம் கழித்தீர்களா. முதலில் கேட்கும்போது வயிற்றைத் திறந்ததைப் பற்றி ஏதோ கேட்கிற மாதிரி இருக்கும். பழகிவிட்டால் அதைவிட மரியாதையான கேள்வி கிடையாது. சார்ட்டில் எழுதும்போது மட்டும் ‘ரன்ஸ்’ என்று எழுதிவிடாதீர்கள். பிரிஸ்டல் சார்ட் ஒவ்வொரு வார்டிலும் இருக்கும். மலத்தின் தன்மையை 1 முதல் 7 வரை பிரித்துப் படம் போட்டிருப்பார்கள். அதில் 6, 7 என்றால் போக்கு. ‘டைப் 7, மூன்று முறை’ என்று எழுதினால் அடுத்த ஷிஃப்டுக்கும் டாக்டருக்கும் எந்தச் சந்தேகமும் வராது. நோயாளி பேசும் இங்கிலீஷ் நமக்குப் புரிய வேண்டும். நாம் எழுதுவது எல்லோருக்கும் ஒரே மாதிரி புரிய வேண்டும். இரண்டும் வேறு வேறு திறமைகள்.

அடுத்தது டிரிப் பக்கம். இங்கேதான் ‘ரன்’ மிக அதிகமாகப் புழங்குகிறது. ‘ரன்’னோடு ‘த்ரூ’ சேரும்போது வார்டுக்குள்ளேயே நான்கு பொருள் வந்துவிடுகிறது.

சீனியர் ஒருவர் ஒரு பை சலைனைக் கையில் கொடுத்து, “லைனை ரன் த்ரூ பண்ணிடு” என்கிறார் என்று வையுங்கள். அது நோயாளிக்கு ஏற்றச் சொல்வது அல்ல. குழாயில் உள்ள காற்றைத் திரவத்தால் வெளியேற்றித் தயாராக வைக்கச் சொல்கிறார். கிளாம்பை மூடி, ஸ்பைக்கைப் பையில் செருகி, சேம்பரை அமுக்கிப் பாதி நிரப்பி, பிறகு கிளாம்பை மெதுவாகத் திறந்து, நுனி வரை திரவம் வந்து குமிழ் ஒன்றும் இல்லை என்று பார்த்து மூடுகிறோமே, அதுதான். ஊரில் நாம் ‘பிரைம் பண்ணு’ என்போம். இங்கேயும் அந்தச் சொல் உண்டு. ஆனால் அவசரத்தில் வருவது ‘ரன் த்ரூ’தான்.

பத்து நிமிடம் கழித்து வேறொருவர் வந்து, நாலாவது கட்டிலின் பை ‘ரன் த்ரூ’ ஆகிவிட்டது என்பார். இப்போது அதற்குப் பொருள், முழுவதும் ஏறி முடிந்துவிட்டது. ரத்த அழுத்தம் விழுந்த நோயாளியின் பக்கத்தில் நிற்கும் டாக்டர், “ஜஸ்ட் ரன் இட் த்ரூ” என்றால், வேகமாக ஏற்று என்று பொருள். வழக்கமாக 500 மில்லி, 15 நிமிடத்துக்குள். பிற்பகலில் சார்ஜ் நர்ஸ், “எல்லா நோயாளிகளையும் ஒரு முறை ரன் த்ரூ பண்ணலாமா” என்று கேட்டால், பட்டியலை வரிசையாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்கிறார். நான்கும் ஒரே ஷிஃப்டில் வந்துவிடும்.

எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அகராதி உதவாது. எதை ரன் த்ரூ பண்ணச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள், பாதி முடிந்தது. ‘லைன்’ என்றால் காற்றை வெளியேற்றுவது, ‘பேஷன்ட்ஸ்’ என்றால் பட்டியல். பை தானே ஓடி முடித்த மாதிரி கடந்த காலத்தில் சொன்னால் தீர்ந்துவிட்டது. மிச்சம் இருக்கிற ஒன்று, வேகமாக ஏற்று என்பது. அது மருந்துச் சீட்டில் எழுதாமல் செய்யக் கூடாத காரியம். அதனால் அங்கே நின்று, எவ்வளவு, எத்தனை நிமிடத்தில், யார் எழுதித் தருகிறீர்கள் என்று கேட்டே ஆக வேண்டும்.

‘ஓவர்’ சேர்ந்தாலும் இதே கதைதான். ‘ரன் இட் ஓவர் எய்ட் அவர்ஸ்’ என்றால் எட்டு மணி நேரம் முழுவதிலும் பரவலாக ஏற்று. ஒரு லிட்டர் என்றால் மணிக்கு 125 மில்லி. பம்ப் இல்லாமல், ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் செட்டில் போட்டால் நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு. இந்த ‘ஓவர்’ எட்டு மணி நேரத்துக்கு மேலே என்பது அல்ல, எட்டு மணி நேரம் கழித்தும் அல்ல. நம் பிள்ளைகளில் சிலர் ‘ஓவர்’ என்றாலே முடிந்தது அல்லது மிஞ்சியது என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஊரில் நாம் ‘ஓவர்’ என்ற சொல்லை அந்த இரண்டுக்கும்தானே வைத்திருக்கிறோம். வார்டு மீட்டிங் ‘ரன் ஓவர்’ ஆகிவிட்டது என்றால் மட்டும் நேரம் தாண்டிவிட்டது என்று பொருள். நாய்க்குட்டி ‘ரன் ஓவர்’ ஆகிவிட்டது என்றால் வண்டி ஏறிவிட்டது.

இந்த மாதிரி உத்தரவுகளுக்கு நான் வைத்திருக்கும் வழி ஒன்றுதான். கேட்டதை என் சொல்லில், எண்ணோடு திருப்பிச் சொல்லிவிடுவேன். “சரி டாக்டர், ஒரு லிட்டர், எட்டு மணி நேரம், மணிக்கு 125.” அவர் ஆமாம் என்ற பிறகுதான் நகர்வேன். ஊரில் பெரிய டாக்டரிடம் திரும்பக் கேட்டால் எதிர்த்துப் பேசுகிறாள் என்று நினைப்பார்களோ என்கிற பயம் நமக்குள் ஊறிக்கிடக்கிறது. இங்கே திருப்பிச் சொல்லாத நர்ஸைத்தான் டாக்டர்கள் சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

நோயாளிகள் பேச்சில் அதிகம் வருவது ‘அவுட்’டும் ‘டவுன்’னும். ரன் அவுட் என்றதும் நமக்கு ஸ்டம்ப் சிதறுவதுதான் கண்ணில் வரும். இங்கே அது தீர்ந்துபோவது. மூச்சு வாங்க, கால் இரண்டும் வீங்கி வந்து படுத்திருக்கும் ஒருவர், வாட்டர் டேப்லெட் ‘ரன் அவுட்’ ஆகிவிட்டது என்றால், அந்த ஒரே வாக்கியத்தில் அவர் ஏன் வந்தார் என்பதற்கான விடை இருக்கிறது. வாட்டர் டேப்லெட் என்பது ஃப்யூரோசமைட் மாதிரி நீர் பிரிக்கும் மாத்திரை. இதயம் பலவீனமானவர் அதைச் சில நாள் விட்டாலே நீர் கோத்துக்கொள்ளும். அதைக் கேட்டதும் எத்தனை நாளாக இல்லை என்று கேளுங்கள், டாக்டரிடம் சொல்லுங்கள், வீட்டுக்குப் போகும்போது மறுபடியும் தீராமல் இருக்க யார் வாங்கிக் கொடுப்பார்கள் என்றும் விசாரித்துவிடுங்கள்.

‘ரன் டவுன்’ கொஞ்சம் சிக்கல். “ஐயம் ஃபீலிங் ரன் டவுன்” என்றால் உடம்பு அசந்துபோய், தெம்பே இல்லாமல் இருக்கிறது என்று பொருள். வலியைப் பற்றிச் சொல்லும்போது அதே சேர்க்கை வேறு விஷயம். இடது கையில் ‘ரன்னிங் டவுன்’ என்றால், வலி தோளிலிருந்து கைக்கு இறங்குகிறது. நெஞ்சுவலியோடு இதைச் சொன்னால் ஈசிஜி எடுக்க ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. இடுப்பிலிருந்து காலுக்கு என்றால் நரம்புவலியாக இருக்கலாம். தமிழில் நாம் வலி ஓடுகிறது என்று சொல்வதில்லை, இறங்குகிறது, இழுக்கிறது என்போம். அதனால் இதை முழு வாக்கியமாகவே மனதில் பதித்துக்கொள்வது நல்லது.

தமிழ் எங்கே கைகொடுக்கும் என்று யோசித்துப் பார்த்ததில் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நம் ‘ஓடு’ லேசுப்பட்ட சொல் அல்ல. தண்ணீர் ஓடுகிறது, பஸ் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, கடை நன்றாக ஓடுகிறது. இது எல்லாவற்றுக்கும் இங்கிலீஷில் ‘ரன்’ அப்படியே பொருந்தும். பம்ப் ‘ரன்’ ஆகிறதா, குழாயை ‘ரன்’ ஆக விடு, காலை பஸ் ‘ரன்’ ஆகவில்லை, இவையெல்லாம் தமிழில் நினைத்துச் சொன்னாலே சரியாக வந்துவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் தைரியம் இதில்தான் கிடைக்கிறது. பாலம் உடையும் இடங்கள் வேறு. ‘மனசு ஓடல’ என்பதை இங்கிலீஷுக்குக் கொண்டுபோக முடியாது. ‘இந்தச் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடுது’ என்பதில் வரும் குடும்பத்துக்கும், ‘ரன்ஸ் இன் த ஃபேமிலி’யில் வரும் குடும்பத்துக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டாவது, சர்க்கரை, இதயநோய் மாதிரி பரம்பரையாக வருவதைச் சொல்வது. அட்மிஷன் படிவத்தில் கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது.

‘ரன்னிங் எ டெம்பரேச்சர்’ என்றால் காய்ச்சல். காய்ச்சல் ஏன் ஓட வேண்டும் என்று மதுரைப் பிள்ளை ஒருத்தி என்னிடம் கேட்டாள். நமக்குக் காய்ச்சல் அடிக்கிறதே, அது ஏன் அடிக்க வேண்டும்? வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது, போன் அடிக்கிறது, சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறோம், பழனிக்குப் போய் மொட்டை அடிக்கிறோம். இவற்றை எந்தக் குழந்தையும் பட்டியல் போட்டுப் படித்ததில்லை. கூடவே வரும் சொல்லோடு சேர்த்துக் காதால் வாங்கிக்கொண்டது. இங்கிலீஷையும் அப்படித்தான் வாங்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். ‘ரன் என்றால் 1. ஓடு, 2. நடத்து, 3. ஒழுகு’ என்று நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறவர்கள், எழுத்துத் தேர்வில் தேறிவிட்டு கட்டில் பக்கத்தில் நிற்கும்போது தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

பெயர்ச்சொல்லாக வரும் ‘ரன்’னுக்குள் இன்னொரு குணம் இருக்கிறது: விட்டுப்போகாத தொடர்ச்சி. இதை ஒரு முறை பிடித்துவிட்டால் நிறைய இடத்தில் வேலை செய்யும். அடுத்த வாரம் ‘எ ரன் ஆஃப் நைட்ஸ்’ இருக்கிறது என்றால் இரவு ஷிஃப்ட் வரிசையாக விழுந்திருக்கிறது. ‘த்ரீ டேய்ஸ் ரன்னிங்’ என்றால் மூன்று நாளாக, நடுவில் இடைவெளி இல்லாமல். மானிட்டரில் ‘எ ரன் ஆஃப் வி.டி.’ என்று யாராவது கூப்பிட்டால், இதயத்தின் கீழறையிலிருந்து மூன்றோ அதற்கு மேலோ துடிப்புகள் நிமிடத்துக்கு 100 க்கு மேற்பட்ட வேகத்தில் அடுக்கடுக்காக வந்திருக்கின்றன. 30 விநாடிக்குள் தானாக அடங்கிவிட்டாலும் ஸ்டிரிப்பைப் பிரின்ட் எடுத்து, நோயாளியைப் போய்ப் பார்த்து, பொட்டாசியம், மக்னீசியம் எவ்வளவு என்று டாக்டர் கேட்பதற்கு முன்பே எடுத்து வைத்துவிடுங்கள். இங்கே ‘ரன்’ என்ற சொல்லை ஓட்டம் என்று நினைத்துக்கொண்டு, இதயம் வேகமாக ஓடுகிறது போலிருக்கிறது என்று பொதுவாக எடுத்துக்கொள்வது போதாது. தனித்தனியாக வந்த துடிப்புகளா, அடுக்காக வந்ததா என்பதுதான் அந்தச் சொல்லுக்குள் இருக்கும் செய்தி.

சக ஊழியர் பேச்சில் வருகிறவை ஆபத்தில்லாதவை, ஆனால் தெரியாவிட்டால் தனித்து நிற்கிற மாதிரி இருக்கும். ‘ரன் இட் பாஸ்ட் த ரெஜிஸ்ட்ரார்’ என்றால் செய்வதற்கு முன் ரெஜிஸ்ட்ரார் என்கிற சீனியர் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். ‘ஹூ இஸ் ரன்னிங் த ஷிஃப்ட்’ என்றால் இன்றைக்குப் பொறுப்பு யார். ‘ரன்னிங் டூ ஷார்ட்’ என்றால் இரண்டு பேர் குறைவு. குளிர்காலத்தில் இதைக் கேட்காத நாளே கிடையாது. ‘ரன் எ பாத்’ என்றால் தொட்டியில் குளிக்கத் தண்ணீர் பிடிப்பது. மூன்று மணிக்கு ஒருத்தி ‘ஸ்கூல் ரன்’ என்று சொல்லிக் கிளம்பினால், பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வரப் போகிறாள்.

பயிற்சி என்று கேட்டால், என்னிடம் ஒரு சின்ன நோட்டு உண்டு, யூனிஃபார்ம் பையில் அடங்கும் அளவு. சொல்லை எழுதமாட்டேன். வாக்கியத்தை, கேட்டது கேட்டபடி, யார் சொன்னது, எந்த இடத்தில் என்பதோடு எழுதுவேன். நோயாளியின் பெயர் மட்டும் ஒருபோதும் அதில் இருக்காது. அது இங்கே கண்டிப்பான சட்டம், நியாயமானதும்கூட. வீட்டுக்கு வந்ததும் அந்த வாக்கியத்தைச் சத்தமாக நாலு தடவை சொல்லிப் பார்ப்பேன், அப்புறம் ‘லைன்’ இருந்த இடத்தில் ‘பேஷன்ட்ஸ்’, ‘டேப்லெட்’ இருந்த இடத்தில் ‘க்ளவ்ஸ்’ என்று மாற்றிப் போட்டுப் பார்ப்பேன். புது வாக்கியம் சரியா என்று சந்தேகம் இருந்தால் மறுநாள் கேர் அசிஸ்டன்ட்களிடம் கேட்பேன். வார்டில் மிகப் பொறுமையான இங்கிலீஷ் வாத்தியார்கள் அவர்கள்தான். டாக்டர்களில் பலர் நம்மைப் போல வெளியிலிருந்து வந்தவர்கள். கேர் அசிஸ்டன்ட்களில் பெரும்பாலோர் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், நோயாளிகள் பேசுகிற அதே பேச்சு.

ஓ.இ.டி.க்குத் தயாராகிறவர்களுக்கு ஒரு விஷயம். இங்கே நர்ஸ்களைப் பதிவு செய்யும் அமைப்பான என்.எம்.சி. கேட்பது எழுத்தில் சி பிளஸ், மற்ற மூன்றிலும் பி. பேச்சுத் தேர்வில் நோயாளியாக நடிப்பவர் சாதாரண ஆள் பேசுகிற மாதிரிதான் பேசுவார். ‘ஐ ஹேவ் ரன் அவுட்’, ‘ரன் டவுன்’, ‘ரன்ஸ் இன் த ஃபேமிலி’ எல்லாம் அங்கே வரலாம். புரிந்துகொண்டு பதில் சொன்னால் போதும், நீங்களும் அதே மாதிரி பேசிக் காட்ட வேண்டும் என்று மெனக்கெடாதீர்கள். தெளிவான, எளிய வாக்கியத்துக்கு யாரும் மதிப்பெண் குறைக்கப்போவதில்லை.

கடைசியாக ஒன்று, வந்து இறங்கிய முதல் மாதத்துக்கே தேவைப்படும். பகல் ஷிஃப்ட் முடித்து ராத்திரி கோட்டு மாட்டும்போது, கூட வேலை பார்த்தவர் கார் சாவியைக் காட்டி, “ஐ வில் ரன் யு ஹோம்” என்பார். காரில் கொண்டுபோய் வீட்டில் விடுகிறேன் என்கிறார். நம் வழக்கப்படி இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். இங்கே ஒரு தடவை வேண்டாம் என்றாலே சரி என்று போய்விடுவார்கள், இரவு ஒன்பது மணிக்கு மேல் பஸ்ஸும் சரியாக வராது.